மூக்கில் தெரியும் காது

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றுக்கு நாய்க்குட்டிகள் பார்க்கப் போயிருந்தேன். தாய்நாய் தொட்டி ஓரமாகப் படுத்திருந்தது. கிழிந்த சாக்கின் மேல் ஐந்து வாரக் குட்டிகள் ஏழு, ஒன்றன் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வளர்ப்பவர் ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்து, "மூக்கைப் பாருங்க அண்ணாச்சி. நல்ல ரோஸ் கலரு. உடம்புல ஒரு மச்சம் இருந்தாச் சொல்லுங்க" என்றார். தேடிப் பார்த்தேன். ஒரு மச்சமும் இல்லை.

மச்சம் விழுந்த குட்டி ஒன்றும் அந்த ஈற்றில் இருந்தது. இடது காதில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு திட்டு. அதைக் காட்டிக் கேட்டேன். "அது வெலைக்குப் போகாது. யாராவது தோட்டத்துக்குக் கேட்டா சும்மா குடுத்துருவேன்" என்றார். "எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் வளர விட மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டம்மா பால்சோற்றோடு வந்து அலுமினியத் தட்டைத் தரையில் தட்டினார். ஆறு குட்டிகள் விழுந்தடித்து ஓடின. ஒன்று மட்டும் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிய குட்டி ஒன்று அதன் மேல் மிதித்த பிறகுதான் தலையைத் தூக்கி, மற்றவை போன திசையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடியது. சுத்த வெள்ளைக் குட்டி. "அது கொஞ்சம் தூங்குமூஞ்சி" என்றார் வளர்ப்பவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கோ, அந்தக் குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று பட்டது.

விருதுநகர் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். நாய்ப் பிரியர்களுக்கு ராஜபாளையம் நினைவுக்கு வரும். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்காக நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டது; அவற்றில் ஒன்று ராஜபாளையம் நாய். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் நாட்டில் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று. கர்நாடகத்து முதோல் ஒன்று. மற்ற இரண்டும், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், நம் கரிசல் சீமையின் நாய்கள். இந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் இந்த மூக்கு விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

ராஜபாளையம் நாய்க்கு எழுதப்பட்டிருக்கும் அடையாளம் எல்லோருக்கும் மனப்பாடம்: பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு. இப்படி ஓர் இனத்துக்கு இலக்கணம் எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது இல்லை. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நவீன நாய்க் கண்காட்சிகளின் தொடக்கம் என்று சொல்லப்படும் போட்டி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் அமைந்தது. அதன் பிறகுதான் காதின் மடிப்பு, வாலின் வளைவு, தோலின் நிறம் என்று தாளில் எழுதி, அதை வைத்து மதிப்பெண் போடும் பழக்கம் உலகெங்கும் பரவியது. நம் ஊருக்கு அது இந்திய கென்னல் கிளப் வழியாக வந்தது. இலக்கணம் இருப்பதில் தவறில்லை. அது இல்லாவிட்டால் இனம் என்ற ஒன்றே நாளடைவில் கரைந்துபோகும். ஆனால் வளையத்துக்குள் நாயை நடத்திக் காட்டும் சில நிமிடங்களில் நடுவரின் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். ஒரு காது செவிடாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இந்த உறவைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். ஏன் என்பது அவர் காலத்தில் தெரியாது. இன்று நன்றாகத் தெரியும்.

கரு உருவாகும் தொடக்க நாட்களில் அதன் முதுகுப் பக்கம் நெடுக ஒரு செல் கூட்டம் தோன்றுகிறது. நரம்பு முகடு என்று அதற்குப் பெயர். அங்கிருந்து புறப்படும் செல்களில் ஒரு பகுதி நிறமிச் செல்களாக மாறி, முதுகிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி, உடம்பு முழுவதும் பரவுகிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். மடையிலிருந்து தூரத்தில் இருக்கும் பாத்திக்குத் தண்ணீர் கடைசியில்தான் போய்ச் சேரும். வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அந்தப் பாத்திதான். நாய்க்கு நெஞ்சு, பாதம், வால் நுனி, மூக்குத்தண்டு எல்லாம் கடைமடை. தெருநாய்களிலும் வெள்ளை பெரும்பாலும் இந்த இடங்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான். வரத்தை மிகவும் குறைக்கும் மரபணு மாற்றம் இருந்தால் பெரும்பாலான பாத்திகள் காய்ந்து, நாய் முழு வெள்ளையாகப் பிறக்கிறது.

நிறமிச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடங்களில் உள்காதும் ஒன்று. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவின் பக்கச் சுவரில், நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை இருக்கிறது. அந்தப் பட்டை வேலை செய்வதற்கு நிறமிச் செல்கள் வேண்டும். அவை அங்கே செய்வது அழகு வேலை கிடையாது. காக்ளியாவுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தி வைத்து, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காக்க உதவுகின்றன. அந்த மின்னழுத்தம்தான் காதுக்கு பேட்டரி. ஒலி வந்து மோதும்போது மயிரிழைச் செல்கள் அதை நரம்புச் செய்தியாக மாற்றுவதற்கான சக்தி அதிலிருந்தே கிடைக்கிறது. நிறமிச் செல்கள் வந்து சேராவிட்டால் அந்தப் பட்டை சுருங்கிவிடும். மயிரிழைச் செல்கள் செத்துவிடும். குட்டிக்குக் காது திறப்பது பிறந்த இரண்டு வாரத்தில். இந்த அழிவு மூன்று, நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. செத்த செல்கள் மறுபடி முளைக்காது. மருந்து கிடையாது.

நிறமி வராமல் போவது ஒரு காதிலும் நடக்கலாம், இரண்டிலும் நடக்கலாம். ஒரு காது போன நாய் நன்றாகவே ஓடியாடும், கூப்பிட்டால் வரும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும். இதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த நாய் மூன்று நான்கு ஈற்றுக்குத் தகப்பனாகவும் ஆகிவிடும்.

எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சமோயெட் என்னும் பனிநாட்டு நாய் பஞ்சுபோல் வெள்ளை. ஆனால் மூக்கு கன்னங்கரேல் என்று இருக்கும். அதன் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. முடிக்குள் போகும் சாயம்தான் வெளிறியிருக்கிறது. அதனால் அதன் காதுக்கு இந்த ஆபத்து இல்லை. அல்பினோ என்னும் வெளிறிய பிறவிகளிலும் செல்கள் உண்டு. சாயம் உண்டாக்கும் திறன்தான் இல்லை. அவற்றுக்கும் பொதுவாகக் காது கேட்கும். ராஜபாளையம் நாயின் கண்ணில் தேன் நிறம் இருக்கிறது, ஆகவே அது அல்பினோ ஆகாது. அதன் மூக்கும் இமை ஓரமும் உதடும் இளஞ்சிவப்பாக இருப்பது, அந்த இடங்களில் நிறமியே இல்லை, ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதைக் காட்டுகிறது. நாம் ரோஸ் கலர் என்று கொண்டாடுவது கடைமடை காய்ந்ததன் அடையாளத்தை. இளஞ்சிவப்பு மூக்குள்ள நாயெல்லாம் செவிடு என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு நன்றாகக் காது கேட்கும். ஆனால் நிறமி இன்னும் குறைய வேண்டும், இன்னும் சுத்தமாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், ஒரு கட்டத்தில் காதிலும் கை வைக்கிறோம்.

இதை எண்களில் காட்டியது டால்மேஷன். வெள்ளையில் கரும்புள்ளி தெளித்த அந்த நாயை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் 5,000க்கும் மேற்பட்ட டால்மேஷன் நாய்களின் செவித்திறன் சோதனை விவரங்களைத் தொகுத்து 2004இல் வெளியிட்டார். நூற்றுக்கு 8 நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. 22 நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை. மூன்றில் ஒன்றை நெருங்கும் கணக்கு. புல் டெரியர் இனத்தில் வெள்ளை நாய்களில் ஐந்தில் ஒன்றுக்குக் குறை இருந்தது; அதே இனத்தின் நிறமுள்ள நாய்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

டால்மேஷனில் இன்னொரு விஷயம் இருக்கிறது. என்னை மிகவும் வருத்துவது அதுதான். சில குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கரும்திட்டோடு பிறக்கும். புள்ளி என்பது பிறந்த பிறகு தோன்றுவது. இந்தத் திட்டு பிறவியிலேயே வருவது. திட்டுள்ள குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. நிறமிச் செல்கள் தலைப்பக்கம் வரை வந்து சேர்ந்துவிட்டன என்பதற்கு அந்தத் திட்டே சாட்சி. ஆனால் இன இலக்கணத்தில் திட்டு குற்றம். கண்காட்சியில் அதற்கு இடமில்லை. அதனால் நல்ல காதுள்ள குட்டிகளைத் தேடிப்பிடித்து ஒதுக்கும் வேலையைத் தெரியாமலே நூறு ஆண்டுக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

மாந்தோப்பில் வெல்லப்பாகு திட்டோடு இருந்த அந்தக் குட்டியை இப்போது நினைத்துப் பாருங்கள். மச்சம் விழுந்தால் தாய் எங்கோ தெருநாயோடு சேர்ந்துவிட்டது, ரத்தம் கலந்துவிட்டது என்று நம் பக்கத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். டால்மேஷன், புல் டெரியர் போன்ற வெள்ளை இனங்களில் ஆராய்ந்து பார்த்ததில், திட்டே இல்லாத அசல் தாய்க்கும் தகப்பனுக்குமே திட்டுள்ள குட்டி பிறப்பது தெரிகிறது. மடை ஒன்றுதான், தண்ணீர் ஒருமுறை சற்றுத் தூரம் கூடுதலாக ஓடிவிட்டது, அவ்வளவே. கூடப் பிறந்த ஆறும் அசல் என்றால், மச்சத்தை மட்டும் வைத்து ஏழாவதைக் கலப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மச்சத்துக்காக முன்பு எத்தனை குட்டிகளைத் தண்ணீரில் அமுக்கியிருப்பார்கள்.

எங்கள் பெரியவர்கள் வெள்ளையை விரும்பியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். இருட்டில் காட்டுப்பன்றியை மறிக்கும்போது எது பன்றி, எது நாய் என்று தெரிய வேண்டுமாம். நம்பத்தக்க காரணம்தான். அந்தக் காலத்தில் வெள்ளையை விரும்பினாலும் நாயை எடைபோட்டது வேலை. கூப்பாட்டுக்குத் திரும்பாத நாயைப் பன்றி கிழித்துப் போட்டுவிடும். காவலில் தூங்குகிற நாய்க்குத் தோட்டக்காரர் சோறு போட மாட்டார். நிறத்தை மனிதன் பார்த்தான், காதைக் காடு பார்த்துக்கொண்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது, நிற்க வேண்டியதுதான். நாய் காட்டை விட்டுக் காம்பவுண்டுக்குள் வந்தது. காடு செய்துவந்த சோதனையை அதற்குப் பிறகு யாரும் கையில் எடுக்கவில்லை. நிறம் மட்டும் மிஞ்சியது.

சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்களின் கதையும் இதை ஒட்டியதே. உடம்பு கருப்பு, காலும் கன்னமும் செம்பழுப்பு என்றால் கன்னி. செவலை, சாம்பல் மாதிரி மற்ற நிறமென்றால் சிப்பிப்பாறை என்று பிரிப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே நாய், நிறம்தான் வேறு என்பவர்களும் உண்டு. இந்தச் சண்டை டீக்கடைகளில் இன்னும் ஓயவில்லை. மரபியல் சொல்வது ஒன்றுதான்: கருப்பும் செம்பழுப்புமான அந்த நிறம் பொதுவாக நாய்களில் ஒடுங்கு பண்பு. இரண்டு செவலை நாய்கள் அதை உள்ளே சுமந்திருந்தால் ஒரே ஈற்றில் செவலைக் குட்டியும் கன்னி நிறக் குட்டியும் பிறக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளை நிறத்தை வைத்து இரண்டு சாதியாகப் பிரித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் துணை தேடும் வட்டம் பாதியாகிவிடும்.

வட்டம் சுருங்குவதன் விளைவை நம் வீடுகளில் விளங்கவைப்பது எளிது. தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிவைத்தால், பிறக்கும் குழந்தையின் மரபணு இடங்களில் சராசரியாக 12.5 விழுக்காட்டில், ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பிரதி இரட்டிப்பாக அமையும். அத்தை மகள், மாமன் மகள் என்றால் 6.25 விழுக்காடு. மருத்துவர்கள் இதற்கே எச்சரிக்கிறார்கள். நாய் வளர்ப்பில் நல்ல ஆண் கிடைத்துவிட்டால் அதன் மகளோடே சேர்த்துவிடுவது சாதாரணம். அங்கே கணக்கு 25 விழுக்காடு. வெள்ளை நிலைக்கும், மூக்கும் நிலைக்கும். கூடவே ஒளிந்திருக்கும் நோய்களும் இரட்டிப்பாகி வெளியே வரும். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் தாய், தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தது என்று நெருங்கிய உறவில் சேர்ப்பதைத் தடுக்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. விதி தாளில் இருக்கிறது. தோப்புகளுக்குள் அது இன்னும் நடந்து வரவில்லை.

வெளி ரத்தம் சேர்த்தால் இனமே போய்விடும் என்ற பயத்துக்கும் டால்மேஷனே பதில் சொல்கிறது. அந்த இனத்தின் எல்லா நாய்களுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாக்கும் குறை இருந்தது. இனத்துக்குள் தேடினால் குறையில்லாத ஒரு நாய்கூட இல்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்னும் மரபியலாளர் ஒரு டால்மேஷனை ஒரு பாயிண்டர் நாயோடு ஒரே ஒருமுறை சேர்த்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் குறையில்லாத குட்டியை மட்டும் எடுத்து மறுபடி டால்மேஷனோடே சேர்த்தார். பாயிண்டரின் பங்கு பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்து ஐந்தாம் தலைமுறையில் 32இல் ஒரு பங்காயிற்று. பார்த்தால் டால்மேஷன்தான்; சிறுநீர் மட்டும் நன்றாக இருந்தது. ஆனாலும் ரத்தம் கெட்டது என்று எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வழி நாய்களை முழுமையாக ஏற்க 2011 ஆயிற்று. ராஜபாளையத்துக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வெளி இனம் தேவையே இல்லை. தன் வயிற்றிலேயே பிறக்கும் மச்சக் குட்டிகளை, காது நன்றாக இருந்தால், இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டாலே போதும்.

காதை எப்படிச் சோதிப்பது? சிவகாசிப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் உடனே சொல்வது, ஒரு வெடியைப் போட்டுப் பார் என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான். கேட்கும் குட்டிக்கு அந்தப் பயம் ஆயுசுக்கும் போகாது. கேளாத குட்டியோ தரையின் அதிர்வை உணர்ந்து துள்ளி எழும். நாம் கேட்கிறது என்று நினைத்துவிடுவோம். கைதட்டுவதிலும் காற்று மேலே படும், நிழல் தெரியும். உண்மையான சோதனை மூளைத்தண்டுச் செவிச் சோதனை. தோலுக்கடியில் மெல்லிய ஊசி மின்வாய்கள் வைத்து, ஒரு காதில் மட்டும் 'டிக்' என்ற சத்தத்தைத் தொடர்ந்து கொடுத்து, மூளைத்தண்டில் எழும் மின் அலையைக் கணினியில் பார்ப்பார்கள். அலை மேடு பள்ளமாக வந்தால் காது கேட்கிறது. தட்டைக் கோடாக வந்தால் கேட்கவில்லை. ஒவ்வொரு காதுக்கும் சில நிமிடங்கள்தான் ஆகும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் செய்யலாம். ஒற்றைக் காது செவிடைக் கண்டுபிடிக்க நம்பத்தக்க வழி இது ஒன்றே.

காது கேளாத குட்டியைக் கொல்ல வேண்டியதும் இல்லை. கைச்சைகைக்கு அது அழகாகப் பழகும். ரோட்டில் அவிழ்த்து விடக் கூடாது, தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, அவ்வளவுதான். அதைக் கருத்தடை செய்துவிட்டு அன்பாக வளர்க்கலாம். நிறமியில்லாத மூக்கும் வயிறும் நம் சித்திரை வெயிலில் வெந்து புண்ணாகும், நாளடைவில் தோல் புற்றுநோய்க்கும் வழி உண்டு என்பதால், வெள்ளை நாய்களுக்கு மதிய நேரத்தில் நிழல் வேண்டும். இதையும் பலர் கவனிப்பதில்லை.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இந்தச் செவிச் சோதனைக் கருவியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து முகாம் நடத்துங்கள். இரண்டு காதும் கேட்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் சான்று கொடுங்கள். கென்னல் கிளப்பிடம் கேட்பது, மச்சத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் காதை எழுதுங்கள்.

மற்றபடி எல்லாம் வாங்குபவர் கையில் இருக்கிறது. வளர்ப்பவர் கண்மூடித்தனமாக எதையும் செய்வதில்லை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் பெருக்குகிறார். குட்டி பார்க்கப் போகிறவர்கள் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால், குட்டிகள் எல்லாம் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தள்ளி நின்று, காற்றும் நிழலும் படாமல், முதுகுப் பக்கத்திலிருந்து சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். எது எழுந்திருக்கிறது என்று பாருங்கள். காதில் திட்டு விழுந்த குட்டி எழுந்து உங்களைப் பார்த்தால், நல்ல விலை கொடுத்து அதையே வாங்கி வாருங்கள்.